வில்லை ரெண்டு, ஆள் ஒண்ணு

காலை எட்டு மணிக்கு அந்தத் தெருவின் மேல்முனையில் ஒரு சின்ன நெரிசல் உண்டாகும். வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிக்குப் போகிறவர்கள், கடைகண்ணிக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு மரப்பலகைக்கு முன்னால் முட்டி மோதிக்கொண்டு நிற்பார்கள். ஆணியில் தொங்கும் தங்கள் வில்லையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது அதே ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு இறங்குவார்கள். உள்ளங்கையில் அடங்கும் தகர வில்லை. அதில் வீட்டு எண்ணும், ஆளுக்கு ஒரு எழுத்தும் இருக்கும். நாற்பத்திரண்டு வீடு, நூற்று அறுபத்தெட்டு வில்லை. இந்த நிமிஷம் தெருவுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பலகையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். "என்னங்க, தெருவுக்கே அட்டெண்டன்ஸா?" என்று கூரியர் கொண்டுவந்த ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். அந்தத் தெரு ஆற்றை நோக்கிச் சரிவாக இறங்குகிற தெரு. மேலே பள்ளிக்கூடம், கீழே ஆறு. ஆறு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் உள்ளே புகுந்தபோது, யார் வீட்டில் இருக்கிறார், யார் வெளியே போயிருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆபீசில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ஆளைத் தேடி ஒரு மணி நேரம் தண்ணீரில் அலைந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில், காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த இஸ்திரிக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வேலைக்குப் போயிருப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு பிறந்ததுதான் இந்தப் பலகை. யோசனை கண்டக்டரக்காவுடையது. இருபத்திரண்டு வருஷமாக பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர். டிக்கெட்டும் தலையும் ஒத்துப்போகாமல் விசில் கொடுத்துப் பழக்கமில்லாதவர். பம்ப் ஹவுஸில் சங்கு ஊதினால் அவரவர் வில்லையை அவரவர் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும். வாசலில் நிற்கும் அக்கா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். பலகையில் ஒரு வில்லை மிஞ்சினால் ஒரு ஆள் கீழே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். உடனே கயிற்றுக்காரர்கள் இறங்குவார்கள். கொத்தனார் ஒவ்வொரு நான்கு வீட்டுக்கும் ஒரு இரும்பு வளையத்தைச் சுவரில் பதித்து வைத்திருந்தார். அந்த வளையங்களில் கயிறு கோத்துக்கொண்டே இறங்கினால் தண்ணீர் எந்த வேகத்தில் வந்தாலும் கால் தடுமாறாது. கயிற்றுக்காரர்கள் நாலு பேர். அதில் முதல் ஆள் செத்துப்போன இஸ்திரிக்காரரின் மனைவி.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. அந்தத் தெரு அதைக் கல்யாண வீட்டு வேலை மாதிரி இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது. நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கினார்கள். குழந்தைகள் வில்லையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடின. முதல் ஒத்திகை ஐம்பது நிமிஷம் எடுத்தது. போன ஒத்திகை பதினேழு நிமிஷம். பெருமைப்படக் காரணம் இருந்தது, பெருமைப்பட்டார்கள்.

ஒருவரைத் தவிர. அவர் ஜெராக்ஸ் கடைக்காரர்.

பலகை மாட்டியிருந்ததே அவர் கடைச் சுவரில்தான். அதனாலேயே அவருக்கு அதன்மேல் ஒரு இளக்காரம். "ஆத்துல தண்ணியே இல்ல, இங்க நீச்சல் கிளாஸ் நடக்குது" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். கெட்ட மனுஷர் இல்லை. பரீட்சைக்கு ஓடுகிற பிள்ளைகளுக்கு வரிசையை நிறுத்திவிட்டு முதலில் பிரதி எடுத்துக் கொடுப்பார். ஆனால் எந்தக் காரியத்தையும் காகிதத்தில் முடித்துவிட்டால் போதும் என்று நினைக்கிற ஆள். நாள் முழுக்க ஒன்றை நூறாக்குகிற வேலை. அசல் எது, நகல் எது என்ற வித்தியாசம் அவருக்குக் கொஞ்சம் மங்கிப்போயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் வீட்டில் நாலு பேர். அவர், மனைவி, மகள், மனைவியின் தம்பி. தம்பிக்கு ரொட்டி அடுமனையில் இராத்திரி வேலை. காலை ஆறு மணிக்கு வந்து, வில்லையைப் பலகையில் ஒழுங்காக மாட்டிவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் எழுவான். தெருவில் எல்லாருக்கும் அவன் ரொட்டித் தம்பி.

ஒத்திகை நாளில் அவனை எழுப்ப ஜெராக்ஸ்காரருக்கு மனசு வராது. மனைவியையும் மகளையும் முன்னால் அனுப்பிவிடுவார். பிறகு வாசல் கதவை வெளியே பூட்டுவார். பூட்டாத வீட்டுக்குள் கயிற்றுக்காரர்கள் புகுந்து பார்ப்பார்கள் அல்லவா? பூட்டிவிட்டால் தொல்லை இல்லை. மேலே போய்த் தன் வில்லையோடு மச்சினன் வில்லையையும் சேர்த்து எடுத்துக்கொள்வார். வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக இரண்டையும் அக்கா கையில் திணித்துவிட்டு நழுவிவிடுவார்.

"ஏங்க, அவன எழுப்பி விட்டாத்தான் என்ன? அரை மணி நேரம் தானே?" என்று மனைவி ஒருமுறை கேட்டார்.

"ராவெல்லாம் அடுப்புல வெந்துட்டு வந்திருக்கான். இந்தக் கண்துடைப்புக்கெல்லாம் அவன எழுப்பணுமா? வில்லை போயிடுச்சுல்ல, கணக்கு சரியாயிடுச்சுல்ல, விடு."

மச்சினன் மேல் உள்ள பாசத்தில் செய்ததுதான். பாசத்தில் செய்தாலும் பொய் பொய்தான்.

கண்டக்டரக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் ஒரு குறை இருந்தது. "ஞாயித்துக்கிழமை பாத்துத்தான் தண்ணி வருமா? ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம ஊதச் சொல்லப் போறேன்" என்று போன கூட்டத்தில் அறிவித்திருந்தார்.

அதனால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது சங்கு ஊதியதும், ஜெராக்ஸ்காரர் சலித்துக்கொண்டார். கடையில் காகிதம் தீர்ந்துபோய், இன்னொரு கட்டு எடுக்க வீட்டுக்கு வந்திருந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தார், மகள் மேலே பள்ளிக்கூடத்தில் இருந்தாள். உள்ளறையில் மச்சினன் குறட்டை.

"சொன்ன மாதிரியே ஊதிட்டாங்கய்யா" என்று முனகியபடி காகிதக் கட்டைத் தோளில் வைத்தார். வெளியே வந்தார். கதவைப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டார். எப்போதும் செய்கிற காரியம், கை தானாகச் செய்தது. போகிற வழியில் பலகையிலிருந்து வில்லை இரண்டை எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூட வாசலில் அக்காவின் முகம் வேறு மாதிரி இருந்தது. "சீக்கிரம், சீக்கிரம்! ஆத்துல மேல கரை உடைஞ்சிருச்சு. போன் வந்திருக்கு. இது ஒத்திகை இல்ல!"

ஜெராக்ஸ்காரர் சிரித்தார். போன ஒத்திகையிலும் அக்கா இதையேதான் சொன்னார், மக்கள் வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காக. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. மழை பெய்தது எங்கேயோ மலைப்பக்கம், முந்தின நாள் என்பது அவருக்குத் தெரியாது. வில்லை இரண்டையும் அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

"தம்பி, ரெண்டு இருக்கு. இன்னொரு ஆள் எங்க?"

"பின்னாடி வர்றான் அக்கா."

கூட்டம் நெருக்கியது. அக்கா அவரை உள்ளே விட்டுவிட்டார்.

வார நாள் காலை என்பதால் தெருவில் இருந்தவர்கள் அறுபத்தொரு பேர்தான். பதினாலாவது நிமிஷத்தில் பலகை காலி. கயிற்றுக்காரர்கள் தெருவை ஒரு முறை பார்வையிட்டு, பூட்டாத வீடுகளில் குரல் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டார்கள். நோயாளி ஒருவர் நாற்காலியோடு வந்து சேர்ந்தார், பச்சைக் குழந்தைகள் மூன்று வந்து சேர்ந்தன. பதினாலு நிமிஷம்! ஆட்கள் குறைவாக இருந்தும், தூக்குகிற ஆண்கள் பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்தும், பெண்களே தூக்கி, பெண்களே ஏற்றி, பதினாலு நிமிஷம். எந்தத் தெரு செய்யும் அதை?

அக்கா கூடத்துக்குள் வந்து தலையை எண்ணினார். ஒருமுறை எண்ணிவிட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் எண்ணினார். நேராக ஜெராக்ஸ்காரரிடம் வந்தார்.

"வில்லை ரெண்டு, ஆள் ஒண்ணு. அந்த இன்னொருத்தர் எங்க?"

"டாய்லெட் போயிருப்பான். விடுங்க அக்கா, வில்லை தான் எல்லாம் வந்துடுச்சே. அறுபத்தொண்ணுன்னு எழுதிக்கோங்க, ஊருக்கே தெரியவா போகுது?"

"பஸ்ஸுல டிக்கெட் வாங்கினவன் பாதி வழியில காத்துல கரைஞ்சு போக மாட்டான் தம்பி. உங்க மச்சினன் தானே? நான் போய்ப் பாக்கறேன்."

அக்கா கழிப்பறைப் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் மொட்டை மாடியிலிருந்து கொத்தனாரின் குரல் வந்தது. அப்படி ஒரு குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"தண்ணி ஏறுது! கடைசி வீட்டு கேட்டத் தாண்டிடுச்சு! வேகமா ஏறுது!"

ஜெராக்ஸ்காரரின் வீடு கீழேயிருந்து நாலாவது. அவர் தோளிலிருந்த காகிதக் கட்டு நழுவி விழுந்தது. ஒரு நொடி, இப்போதும் எதையாவது சொல்லிச் சமாளிக்க முடியுமா என்றுகூட மனசு தேடிற்று. பழக்கம் அவ்வளவு ஊறியிருந்தது. பிறகு அவர் அந்த அறுபது பேர் முன்னாலும் கத்தினார்.

"உள்ள இருக்கான்! தூங்கிட்டு இருக்கான்! நான் தான்... நான் தான் வெளிய பூட்டிட்டு வந்தேன்!"

ஜெராக்ஸ்காரர் வாசலைப் பார்த்து ஓடினார். கண்டக்டரக்கா குறுக்கே கையை நீட்டி நிறுத்தினார். பஸ்ஸில் எத்தனை பேரை நிறுத்திய கை அது!

"விடுங்க அக்கா! என் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"கயிறு பிடிக்கத் தெரியுமா உங்களுக்கு? ஒரு நாளாவது பழகினீங்களா? நீங்க இறங்கினா நாங்க ரெண்டு பேரத் தேடணும். சாவியக் குடுங்க!"

சாவியை வாங்கியது இஸ்திரிக்காரம்மா. இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். "அன்னைக்கு என் வீட்டுக்காரருக்கு இறங்க ஆள் இல்ல. இன்னைக்கு நான் இருக்கேன்." பின்னால் கொத்தனார், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். வளையம் வளையமாகக் கயிற்றைக் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். முழங்கால், தொடை, இடுப்பு. யாரும் கத்தவில்லை, யாரும் முந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் தரையில் இருபது தடவைக்கு மேல் செய்ததைத் தண்ணீரில் செய்தார்கள்.

வீட்டுக்குள் ரொட்டித் தம்பி விழித்தது முதுகு நனைந்த பிறகுதான். கட்டிலை விட்டு இறங்கினால் முழங்கால் அளவு தண்ணீர். கதவை இழுத்தான், வரவில்லை. ஜன்னலில் கம்பி. காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கத்தினான். தண்ணீரின் இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. இரும்பு பீரோமேல் ஏறிக் குந்திக்கொண்டு, தண்ணீர் ஒவ்வொரு இழுப்பறையாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாகப்போகிறோம் என்றே நினைத்துவிட்டான்.

பூட்டு தண்ணீருக்குள் போயிருந்தது. இஸ்திரிக்காரம்மா கையாலேயே தடவிப் பார்த்துச் சாவியை நுழைத்தார். முதல் முறை சுழலவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. கொத்தனார் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறை பூட்டு வாயைத் திறந்தது. கதவு உள்பக்கம் தள்ளிக்கொண்டு திறக்க, தண்ணீரோடு தண்ணீராக இரண்டு பேரும் உள்ளே போனார்கள். "இறங்கு ராசா, கயிறப் பிடி, அக்கா இருக்கேன்" என்று அவர் சொன்ன குரலை ரொட்டித் தம்பி சாகும்வரை மறக்க மாட்டான்.

அவர்கள் மேலே வந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் அழுதார்கள், கை தட்டினார்கள், யாரோ ஒருவர் சிரிக்கவும் சிரித்தார். பையன் தலையணையை விடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தான். ஜெராக்ஸ்காரர் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். அவன் பற்கள் கிடுகிடுக்க ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, பூட்டிட்டா போனீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். நம்ப முடியாமல் கேட்டான். ஜெராக்ஸ்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

சாயங்காலம் மனைவி வந்தார். நடந்ததை ஒருவர் விடாமல் சொன்னார்கள். தம்பியின் தலையைத் துவட்டிவிட்டார், அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். கணவரைத் திட்டவில்லை. "வீட்டுச் சாவிய இனிமே நான் வச்சுக்கறேன்" என்றார், அவ்வளவுதான். அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம் என்று ஜெராக்ஸ்காரருக்குத் தோன்றியது.

தண்ணீர் இரண்டு நாள் நின்று வடிந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெரு செய்ததையும் சொல்லாமல் விட முடியாது. சேறு காய்வதற்குள் வழித்துவிட வேண்டும், காய்ந்துவிட்டால் கடப்பாறை போட்டாலும் வராது. யாரும் தன் வீட்டை முதலில் தொடக்கூடாது என்பது பேச்சு. கடைசி வீட்டில் தொடங்கி, எல்லாரும் ஒரே வீட்டில் இறங்கி, அதை முடித்துவிட்டு அடுத்தது. மேல்முனையில் இருந்த பன்னிரண்டு வீட்டில் தண்ணீரே ஏறவில்லை. அந்த வீட்டுக்காரர்கள்தான் முதலில் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். ஒன்பது நாளில் முப்பது வீடு. பத்தாவது நாள் காலை பலகைக்கு முன்னால் பழையபடி நெரிசல்.

ஜெராக்ஸ்காரர் சேறு வழித்துவிட்டு வந்து இன்னொரு வேலையும் பார்த்தார். நனைந்துபோன பத்திரம், சான்றிதழ், மருந்துச் சீட்டு, கல்யாணப் போட்டோ என்று தெருவே கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தது. அவசரப்பட்டுப் பிரித்தால் காகிதம் கிழிந்துவிடும். ஓரத்தில் மெல்லிய அட்டையைச் செருகி, ஊதி ஊதி, தாள் தாளாகப் பிரித்தார். அவற்றை இரண்டு வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து, சூட்டைக் குறைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தது இஸ்திரிக்காரம்மா. நாலு நாள் இருவரும் எதிரெதிரே நின்று வேலை செய்தார்கள்.

ஐந்தாவது நாள் ஜெராக்ஸ்காரர் வாய் திறந்தார். "அக்கா, உங்க முகத்தப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

"அப்ப தாளப் பாத்துப் பிரிங்க. கிழிஞ்சிடப் போகுது" என்றார் அவர். பிறகு, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "பையன் உயிரோட இருக்கான். எனக்கு அது போதும்" என்றார்.

பேச்சு பரவிவிட்டது. ஆற்றின் அந்தக் கரையில் இருக்கிற ஒரு தெருவிலிருந்து இருபது பேர், 'நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள்' என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். கொத்தனார் வளையத்தைக் காட்டி விளக்கினார். இஸ்திரிக்காரம்மா முடிச்சுப் போட்டுக் காட்டினார். கண்டக்டரக்கா பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்து, ஒவ்வொரு ஆணியாகத் தொட்டுச் சொன்னார். தெருக்காரர்கள் சுற்றி நின்று, தாங்களே கண்டுபிடித்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தலையை ஆட்ட அவர்களுக்கு உரிமை இருந்தது.

வந்தவர்களில் ஒருவர் எழுந்தார். நல்ல சட்டை, கையில் நோட்டு. "எல்லாம் சரிங்க. ஆனா ஒத்திகைக்கு எல்லாரும் வரணுமா? எங்க பக்கம் வேலை, தூக்கம்னு ஆளுக்கு ஒரு சாக்கு இருக்கும். வீட்டுக்கு ஒருத்தர் வந்து, மத்தவங்க வில்லையவும் சேத்துக் கொண்டாந்து குடுத்துட்டாப் போதாதா?"

தெருக்காரர்கள் யாரும் ஜெராக்ஸ்காரரைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாதே என்று ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார்.

"நான் சொல்றேன் அக்கா" என்று ஜெராக்ஸ்காரர் முன்னால் வந்தார். ரொட்டித் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "இவன் என் மச்சினன். இவன் தூக்கம் கெடக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஒத்திகைக்கும் இவன் வில்லைய நான் தான் எடுத்துட்டு வந்தேன். கதவ வெளிய பூட்டிட்டு வந்தேன். யார ஏமாத்தினேன்னு நெனச்சேன்? அக்காவன்னு நெனச்சேன். நெசமாத் தண்ணி வந்த அன்னைக்கும் அதத்தான் செஞ்சேன். உசுரோட இவன உள்ள வச்சுப் பூட்டிட்டு, கையில ரெண்டு வில்லையோட சிரிச்சுக்கிட்டே இங்க வந்து நின்னேன்."

நோட்டுக்காரர் உட்காரவும் தோன்றாமல் நின்றிருந்தார்.

"எங்க தெருவுல அன்னைக்கு ஒரு உசுரு போகல. அத எங்க வேணும்னாலும் மார் தட்டிச் சொல்லுவேன். ஆனா அது இவங்கெல்லாம் நெசமாப் பழகினதால. ஆபத்து வர்ற நேரத்துல யோசிக்க நேரம் இருக்காதுங்க. என்ன பழகி வச்சிருக்கோமோ, கை அதத்தான் செய்யும். இவங்க கை காப்பாத்தப் பழகியிருந்துச்சு, காப்பாத்துச்சு. என் கை பொய் சொல்லப் பழகியிருந்துச்சு, பூட்டுச்சு."

நோட்டுக்காரர் எழுதியிருந்த ஒரு வரியைக் குறுக்கே அடித்தார்.

"எங்க தெருவுல மொத்தம் இருநூத்திப் பத்து பேர்" என்றார் அவர். "இருநூத்திப் பத்து பேரையும் நடக்க வைக்கிறோம்."